14416: பெங்களூரில் தமிழிலேயே பேசலாம்

போனிலேயே மனநல ஆலோசனை தரும் மத்திய அரசின் சேவையான டெலி மானஸ் (எண் 14416) 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தலைமை மையம் நம்ம ஊர் நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம்). 24 மணி நேரமும் இலவசம். அழைத்ததும் அவசரப்படாமல் மொழித் தேர்வில் தமிழுக்கான எண்ணைக் கேட்டு அழுத்துங்கள்.

"மனசு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் பாதிப் பயன்தான். இரண்டு வாரத் தூக்க நேரம், பசி, எடை மாற்றம், சாப்பிடும் மாத்திரைகள் (ஸ்டீராய்டு இருந்தால் கட்டாயம்) எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை மூன்றுமே மனச்சோர்வு போலவே வேஷம் கட்டும். போனில் ரத்தம் எடுக்க முடியாதே, அதுதான் இதன் குறை! டி.எஸ்.எச். (தைராய்டுக்கானது), ஹீமோகுளோபின் (ரத்தசோகைக்கானது), பி12 பரிசோதனைகளைத் தனியாகத்தான் செய்துகொள்ள வேண்டும். முடி உதிர்வுக்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே அதை நிறுத்தவும். இல்லாவிட்டால் தைராய்டு முடிவு தப்பாக வரலாம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் பதற்றம்தான் என்று முடிவுகட்ட வேண்டாம், முதலில் 108.