‘தூங்குறாங்க’ என்பதா, ‘இறந்துட்டாங்க’ என்பதா?

வீட்டில் மரணம் நேர்ந்ததும் குழந்தையிடம் ‘பாட்டி தூங்குறாங்க’, ‘ஊருக்குப் போயிருக்காங்க’ என்று சொல்வது அந்த நிமிட அழுகையைத் தள்ளிப்போடும். ஆனால் குழந்தை சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். தூக்கம் என்று சொன்னால், இரவு விளக்கை அணைக்கும்போது நம் கையை விடாது. ஊருக்கு என்றால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். ‘தவறிட்டாங்க’ என்றால், என்ன தப்பு செய்தார்கள் என்று கேட்கும்.

‘பாட்டி இறந்துட்டாங்க. உடம்பு வேலை செய்றதை நிறுத்திடுச்சு. மூச்சு இல்லை, பசி இல்லை, வலி இல்லை. திரும்ப வர மாட்டாங்க.’ சொல்லக் கடினம்தான், ஆனால் இதுவே நல்லது. நோயின் பெயரையும் சொல்லுங்கள். ‘உடம்பு சரியில்லாம’ என்று மட்டும் சொன்னால் அடுத்த காய்ச்சலுக்கே குழந்தை பயப்படும்.

‘இறந்தவங்க திரும்ப வர மாட்டாங்க’ என்பது குழந்தைக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள்தான் பிடிபடும். அதுவரை ‘பாட்டி எப்ப வருவாங்க?’ என்று 10 முறை கேட்டாலும் அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். ‘பாட்டி இறந்ததுக்கு உன் கோபம் காரணமில்லை’ என்பதை, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். குழந்தை முன் அழலாம். ஏன் அழுகிறோம் என்று சொன்னால் போதும்.