வன்னியில் கண் காட்டிய கதை

மார்கழி, தை மாதங்களில் வன்னிக்குப் போகிறவர்கள் கண்ணையும் ஒருக்கால் காட்டிக்கொண்டு வாருங்கள் என்று இப்போது கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறேன். நாங்கள் இருக்கும் கனடாவின் ஒன்ராறியோவில் 20 முதல் 64 வயது வரை உள்ளவர்களின் வழமையான கண் சோதனைக்கு 2004ஆம் ஆண்டிலிருந்து மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் காசு கொடுப்பதில்லை. சீனி வருத்தம் போன்ற சில நோய்கள் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் எங்கள் ஆட்கள் கண்ணை ஆகக் கடைசியில்தான் கவனிப்பார்கள்.

என்னுடைய கரைச்சல் இதுதான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பனிக்காலம் தொடங்கினால் கண்ணுக்குள் மண் கிடக்கிறமாதிரி உறுத்தும், எரியும். வெளியே காற்றில் இறங்கினால் கண்ணீர் ஓடும். விமானத்துக்குள் ஈரப்பதன் பெரும்பாலும் 20 வீதத்துக்கும் கீழே என்பதால் அந்த நீண்ட பயணம் மிச்சத்தையும் செய்துவிடும். பரந்தனுக்குக் கிட்ட மாமி வீட்டில் போய் இறங்கும்போது இரண்டு கண்ணும் கொவ்வைப்பழம்.

"என்ன பிள்ளை, வழி முழுக்க அழுதுகொண்டே வந்தனி?" என்றார் மாமி. மார்கழி வாடைக்குத் தலையில் துவாய் கட்டியபடி, நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் ஊறப்போடவும் தொடங்கிவிட்டார். பக்கத்து வீட்டு ஆச்சி தாய்ப்பால் விடச் சொன்னார். மனம் நோகாமல் இரண்டையும் மறுக்கப் பெரும்பாடு. கிருமி நீக்காத எதையும் கண்ணில் விடக்கூடாது, அது பூவானாலும் பாலானாலும்.

அரச வைத்தியசாலை ஒன்றுக்குப் போனேன். வெளிநோயாளர் பிரிவில் காட்டித் துண்டு வாங்கி, பிறகு கண் கிளினிக்கில் நம்பர் எடுத்து இருக்கவேண்டும். வாங்கில் இருந்தவர்கள் பாதிப்பேர் சீனி வருத்தக்காரர், கையில் கிளினிக் கொப்பி. காத்திருப்பு நீளம்தான். ஆனால் உள்ளே கூப்பிட்ட பிறகு அவசரம் இல்லை. மிஸ்ஸி (தாதி) ஒருவர் ஒவ்வொரு கண்ணாகப் பொத்தச் சொல்லி எழுத்து வாசிப்பித்தார். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா எழுத்துத் தெரியாது என்று கூச்சப்பட, உடனே E எழுத்து பல பக்கமும் திரும்பி நிற்கும் பலகையை மாட்டி, "கால் எந்தப் பக்கம் பாக்குது எண்டு கையால காட்டுங்கோ அம்மா" என்றார்.

டொக்டர் இளம் பெண். அவர் எல்லோரிடமும் கேட்ட ஒரு கேள்வி ரொறன்ரோவில் யாரும் கேட்டிராதது: "முகத்தில, கண்ணில செல் காயம் ஏதும் பட்டதோ?" போரில் வெடித்த செல்லின், அதாவது எறிகணையின், இரும்புத் துகள் கண்ணுக்குள் இருந்தால் பின்னொரு நாள் எம்.ஆர்.ஐ எடுக்கும்போது ஆபத்து. வன்னியில் ஒரு கண் டொக்டர் இதைக் கேட்காமல் விடமுடியாது.

பிறகு என் முறை. கீழ் இமையை இழுத்து, மெல்லிய வடிதாள் கீற்று ஒன்றின் நுனியை மடித்துக் கொழுவிவிட்டு, 5 நிமிடம் இருக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் ஈரம் 10 மில்லிமீற்றரைக்கூடத் தொடவில்லை.

"கண்ணீர் ஓடுது எண்டு வந்தனான், நீங்கள் காய்ஞ்சு கிடக்கு எண்டு சொல்லுறியள்."

"காய்ஞ்சதாலதான் அம்மா ஓடுது. கண்ணீருக்கு மேல எண்ணெய்ப் படை ஒண்டு இருக்கு. அது குறைஞ்சா ஈரம் நிக்காமல் ஆவியாகும். கண் எரிஞ்சு, அவசரத்துக்குத் தண்ணியாச் சுரக்கும். அது நிண்டு பிடிக்காது. அங்க வீட்டில ஹீற்றர் எவ்வளவு காலம் போடுறனீங்கள்?"

"ஒக்ரோபரில தொடங்கினா ஏப்ரல் மட்டும்."

"காரில காத்து முகத்துக்கு நேரயோ வருது?"

நேரேதான். அதைக் காலுக்குத் திருப்பச் சொன்னார். மாமி வீட்டு மேசை ஃபானையும்தான். அறையில் ஈரப்பதன் 40 வீதத்துக்கு மேலே இருக்கட்டும், இளஞ்சூட்டுத் துணியைச் சில நிமிடம் மூடிய இமையில் வைத்து மெல்ல நீவினால் எண்ணெய்ச் சுரப்பி திறக்கும், போன் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதியாகக் குறைவதால் நினைத்து நினைத்துச் சிமிட்டவேண்டும் என்றார். கண்ணை ஈரமாக்கும் சொட்டு மருந்து நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமல் இருக்கப் போடும் பதன்பொருள் சேர்க்காத சின்னக் குப்பிகள்தான் நல்லது. அது அங்கே கையிருப்பில் இல்லை, வெளியே வாங்கத் துண்டு எழுதித் தந்தார். கனடாவில் இது கடைத் தட்டிலேயே கிடக்கும், போகும்போதே கொண்டுபோங்கள்.

நான் எழும்பும்போது வந்த ஐயாவின் கதையைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். காலபோக நெல் முந்தி விளைந்த வயல்களில் வெட்டு மெசின் இறங்கியிருந்தது. மெசினுக்குப் பின்னால் நின்றவருக்கு உமியோ சுணையோ கண்ணில் அடித்திருக்கிறது. கசக்கியிருக்கிறார். பாமசி ஒன்றில் சொல்ல, துண்டு கேட்காமலே ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். போட்டதும் சிவப்பு குறைந்துவிட்டது, சுகம் என்று நினைத்து வேலைக்குப் போயிருக்கிறார். இப்போது கருவிழியில் வெள்ளைப் புள்ளி.

டொக்டர் குப்பியைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஐயா, இதை ஆர் தந்தது?"

அது அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்து. நெல், இலை, தடி பட்ட காயத்தில் பூஞ்சணம் பிடிக்கக்கூடும். ஸ்டீரொயிட் விட்டால் வெளியே சிவப்பு அடங்கும், உள்ளே பூஞ்சணம் செழிக்கும். பூஞ்சணம் இல்லாதவர்களுக்கும் அதை மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். ஐயாவை அப்படியே வார்ட்டில் மறித்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் வன்னியில் கண் சேவையின் ஓட்டை கிளினிக்கில் இல்லை, இந்தப் பாமசிக் கவுண்டரில்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் போய் நின்றால் இன்னும் மோசம், ஏனென்று கேட்காமலே நாலு குப்பியை எடுத்து நீட்டுவார்கள். மேலே சொன்ன ஈரச் சொட்டைத் தவிர, வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் கண்ணுக்குள் எதையும் வாங்கி விடாதீர்கள். பதன்பொருள் சேர்த்த குப்பியைத் திறந்தால் ஒரு மாதத்தோடு எறியுங்கள், மாமி வீட்டு ஃபிரிட்ஜில் இருந்ததற்கு எத்தனை வயதோ தெரியாது. மச்சானுக்கு இரும்பு ஒட்டுவேலைக் கடையில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். "இதைப் போட்டா வயலில சிரிப்பாங்கள்" என்றான், ஆனாலும் போடுகிறான் என்று கேள்வி.

தை முடியத் திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று. வயலும் குளத்துத் தண்ணீரும் சூரியனின் புறஊதாக் கதிரில் 10 வீதத்துக்கும் குறைவாகத்தான் திருப்பி அடிக்கும். புதுப்பனி 80 வீதம் வரை அடிக்கும். வன்னி வெயிலுக்கென்று வாங்கிய கறுப்புக் கண்ணாடிக்கு ரொறன்ரோப் பனியிலும் வேலை இருக்கும், பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

கிளினிக் நாள் இடத்துக்கு இடம் வேறு, முதல்நாளே விசாரியுங்கள். மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தால் சில மணித்தியாலங்களுக்குப் பார்வை மங்கும், வெயில் கூசும். மோட்டார்சைக்கிளில் தனியே போகாமல், திரும்பிவர ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.