24 கண்ணிகளுக்குள் ஒரு காஞ்சிபுரக் கரை: பஞ்ச் கார்டு பின்னல் இயந்திரம், ஒரு மாணவியின் மதிப்புரை

டெல்லியில் ஜவுளி வடிவமைப்பும் பின்னலாடை வடிவமைப்பும் படிக்கும் தமிழ் மாணவர்கள் சிலர், வீட்டு மேசையில் பொருத்திக்கொள்ளும் கைப்பின்னல் இயந்திரம் வாங்கலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 200 ஊசிகளும், ஊசிக்கு ஊசி 4.5 மில்லிமீட்டர் இடைவெளியும், 24 கண்ணி (ஓர் ஊசியில் விழும் ஒரு நூல் வளையமே ஒரு கண்ணி) அகலத்தில் துளையிடும் அட்டையும், அதாவது பஞ்ச் கார்டும், கொண்ட, ஒரே ஊசித்தளம் உள்ள சிங்கிள் பெட் இயந்திரம். ஒன்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய நிறுவனங்கள் இதே அளவுகளில் தயாரித்திருப்பதால், குறிப்பிட்ட ஒரு மாடலின் பெயரைச் சொல்லாமல் பொதுவாகவே எழுதுகிறேன்.

ஊசிகளின்மேல் நகரும் கேரேஜ் என்ற பகுதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளினால் ஒரு வரிசை பின்னப்பட்டுவிடும். அட்டையில் துளை உள்ள இடத்தில் இரண்டாவது நிறமும் துளை இல்லாத இடத்தில் முதல் நிறமும் விழும். ஒரு வரிசையில் இரண்டு நிறங்களுக்கு மேல் இடமில்லை. 1804இல் ஜக்கார்டு என்பவர் பிரான்சில் காப்புரிமை பெற்ற தறியும், இன்று காஞ்சிபுரத்தில் தறிகளுக்கு மேலே தொங்கும் அட்டைகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. அந்தத் தறிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இயந்திரம் உடனே பிடிபட்டுவிடும்.

வடிவமைப்பு மாணவர்களிடம் ஆசிரியர்கள் முதலில் கேட்பது, உன்மேல் தாக்கம் செலுத்திய கலை எது என்பதைத்தான். நாங்களும் படங்களைச் சேகரித்து ஒரு பலகையில் ஒட்டிக் காட்டுவோம். ஆனால் அந்தப் படங்களில் எது பின்னலாக மாறும், எது மாறாது என்பதை எனக்குக் காட்டியது இந்த இயந்திரம்தான். அதனால்தான் இதை உயர்வாக மதிப்பிடுகிறேன்.

அம்மாவின் பட்டுப்புடவைக் கரையில் உள்ள ரேக்கை, அதாவது கோபுரம்போன்ற முக்கோண வடிவத்தை, ஒரு ஸ்வெட்டரின் விளிம்பில் கொண்டுவர விரும்பினேன். வரிசைக்கு இருபுறமும் ஒவ்வொரு கண்ணியாகக் குறைத்து, 24 கண்ணியில் தொடங்கி 2 கண்ணியில் முடியும் முக்கோணமாக அட்டையில் துளையிட்டேன். பின்னிப் பார்த்தபோது கோபுரம்போல நிமிர வேண்டிய ரேக்கு தரையோடு படுத்துவிட்டது. நான் பயன்படுத்திய நூலில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 30 கண்ணிகளும் அதே உயரத்துக்கு 40 வரிசைகளும் வருகின்றன. அதாவது ஒவ்வொரு கண்ணியும் உயரத்தைவிட அகலம் மிகுந்தது. எனவே 8 சென்டிமீட்டர் அகலமான என் முக்கோணத்துக்குக் கிடைத்த உயரம் 3 சென்டிமீட்டர் மட்டுமே. அட்டையின் ஒவ்வொரு வரியையும் இருமுறை படிக்கச் செய்யும் வசதி இயந்திரத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தியதும் உயரம் 6 சென்டிமீட்டராகி, ரேக்குக்குரிய மிடுக்கு வந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் துணியின் பின்புறத்தில் இருந்தது. ரேக்கின் உச்சியில் 2 கண்ணிகள் மட்டும் அரக்கு நிறம். மீதி 22 கண்ணிகளின் பின்னால் அரக்கு நூல் பிடிப்பின்றி ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தொங்கும். ஸ்வெட்டருக்குள் கையை நுழைத்தால் விரல் அதில்தான் மாட்டும். இதைத் தவிர்க்க, நான்கு கண்ணிக்கு ஒன்றாக எதிர்நிறப் புள்ளிகளை ரேக்கின் உள்ளேயும் வெளியேயும் தூவினேன். நூலைப் பிடித்து வைக்கவே சேர்த்த அந்தப் புள்ளிகள், புடவையின் உடலில் இறைத்த புட்டாக்கள்போல அமைந்தன. புடவையைப் பார்த்து அப்படியே வரைந்திருந்தால் இந்த வடிவத்தை நான் எட்டியிருக்கவே மாட்டேன்.

பின்னும்போது நம் கண்ணுக்குத் தெரிவது துணியின் பின்புறம் மட்டும்தான். இது தொடக்கத்தில் குழப்பும். என் வகுப்புத் தோழி அமிர்தசரஸிலிருந்து கொண்டுவந்த பாட்டியின் புல்காரியை, அதாவது பஞ்சாபின் பூத்தையல் துணியை, விரித்துப் பார்த்த பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது. புல்காரியைத் துணியின் பின்புறத்திலிருந்தே, இழைகளை எண்ணி எண்ணித் தைப்பார்கள். முன்புறத்தில் மலரும் பட்டு, தைப்பவரின் மனக்கணக்கில்தான் இருக்கிறது. நீலகிரித் தோடர் பெண்கள் சிவப்பிலும் கறுப்பிலும் செய்யும் பூவேலையும் வரைபடமின்றி இழையெண்ணிச் செய்வதே. இத்தகைய எண்ணிக்கைக் கலைகள் இந்த இயந்திரத்தோடு இயல்பாக ஒத்துப்போகின்றன. சிக்குக் கோலம் ஒத்துப்போகவில்லை. அதன் வளைவுகள் 24 கண்ணிக்குள் படிக்கட்டுகளாக உடைந்துவிடுகின்றன.

பாடத்தில் நாங்கள் விரிவாகப் படிப்பவர் ஆன்னி ஆல்பர்ஸ். 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலை வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்து நெசவாளரானவர், 1949இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி கண்டவர். அவருடைய பாணியில் அமைந்த செவ்வகங்கள் இந்த அட்டையில் சிரமமே இல்லாமல் வருகின்றன. அப்படி எளிதாக வந்த மாதிரிகளிலிருந்து நான் கற்றுக்கொண்டது குறைவு.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஊசிகளை அழுத்திப் பிடிக்கும் நுரைப்பட்டை ஆண்டுகள் செல்லச் செல்லத் தட்டையாகிவிடும். அப்போது ஊசிகள் எழும்பி, கண்ணிகள் வரிசையாக நழுவும். எனக்கு விற்றவர் அதை மாற்றாமலேயே கொடுத்துவிட்டதால் முதல் வாரம் வீணாயிற்று. கனமான நூலை இந்த ஊசிகள் ஏற்பதில்லை, ஆர்.கே. புரத்தில் குளிர்கால வெயிலில் அமர்ந்து ஸ்வெட்டர் பின்னும் எங்கள் மாமி அன்போடு கொடுத்த உல்லன் உருண்டைகள் ஓடவில்லை, லூதியானாவிலிருந்து வரும் மெல்லிய நூல் தடையின்றி ஓடியது. சாதாரணப் பின்னலில் ஓரங்கள் சுருளும். ரிப் எனப்படும் வரிவரியான, இழுபடும் பின்னல் வேண்டுமென்றால் இரண்டாவது ஊசித்தளத்தைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். கேரேஜின் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும் என்பதால் விடுதியில் இரவில் பயன்படுத்த முடியாது.

பழைய இயந்திரம் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் நுரைப்பட்டையை உருவிப் பார்த்துவிட்டு, 200 ஊசிகளின் கொக்கிகளை மூடும் தாழ்களும் தடையின்றித் திறந்து மூடுகின்றனவா என்று விரலால் தள்ளிச் சோதியுங்கள். துளையிடும் கருவியும் வெற்று அட்டைகளும் சேர்ந்து கிடைத்தால் மட்டுமே வாங்குங்கள். ஆயத்த அட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு பின்னுவதென்றால் ஒரு வடிவமைப்பு மாணவருக்கு இந்த இயந்திரம் தேவையில்லை.