.22 ரைஃபிளுக்கு சப்ரெஸ்ஸர்: கழட்டி கழுவ முடியுமான்னு முதல்ல பாருங்க

அமெரிக்கால .22-க்கு சப்ரெஸ்ஸர் (பேரல் முனைல மாட்டி வெடிச் சத்தத்தைக் குறைக்கற குழாய்) வாங்கறவங்க முதல்ல கேக்கறது எத்தனை டெசிபல் குறையும்னுதான். என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. கழட்டி உள்ள சுத்தம் பண்ண முடியுமாங்கறதுதான் முதல் கேள்வி, ஏன்னா .22 எல்ஆர் (லாங் ரைஃபிள், இந்த ரைஃபிள்ல போடற தோட்டா) புல்லட் பெரும்பாலும் வெறும் ஈயம், மேல மெழுகோ மெல்லிசா செம்புப் பூச்சோ இருக்கும் அவ்ளோதான், சுடச் சுட ஈயமும் கரியும் பேஃபிள்ல (உள்ள இருக்கற தடுப்புத் தட்டுல) படிஞ்சு கெட்டியா ஒட்டி எடையே கூடிடும். கழட்டவே முடியாத மாடல் எவ்ளோ சீப்பா வந்தாலும் வேணாம்.

நான் என் சிஇசட் 457 ரைஃபிள்ல மாட்டியிருக்கறது டெட் ஏர் கம்பெனியோட மாஸ்க். டைட்டேனியம் ட்யூப், 5 இஞ்ச் சொச்சம், 190 கிராம் கூட வராது, பேரல் முனை கனக்கவே இல்ல. பேஃபிள் எல்லாம் ஒரே நிலைலதான் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும், திரும்ப மாட்டறப்போ குழப்பமே இல்ல. முதல் ரவுண்டு மட்டும் உள்ள இருக்கற ஆக்சிஜனால கொஞ்சம் சத்தமா வெடிக்குமே, அது இதுல ரொம்பக் கம்மி, எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான்.

சைலன்சர்கோ கம்பெனியோட ஸ்பாரோவும் தாராளமா வாங்கலாம். இதுல தனித்தனி பேஃபிள் இல்ல, ஒரே துண்டா இருக்கற உள்பாகத்தைச் சுத்தி ரெண்டு பாதி ஓடு இருக்கறதால ஈயம் இறுகினாலும் சுலபமா வெளிய வந்துடும், நிறைய சுடறவங்களுக்கு அதுதான் சரி.

ஆனா எதை மாட்டினாலும் தோட்டா சரியா இருக்கணும். ஒலி வேகம் செகண்டுக்கு சுமார் 1,125 அடி, ஹை வெலாசிட்டி போட்டா புல்லட் அதைத் தாண்டறப்போ வர்ற சத்தத்தை எந்த சப்ரெஸ்ஸரும் தடுக்காது. சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 அடி, அது போதும். ருகர் 10/22 மாதிரி செமி ஆட்டோன்னா (அடுத்த தோட்டாவைத் தானா ஏத்தற ரைஃபிள்) போல்ட் முன்னும் பின்னும் ஓடி அடிக்கற சத்தம் தனியா கேக்கும், வெடிமருந்துப் புகையும் மூஞ்சிக்கு வரும்.

சப்ரெஸ்ஸரைத் திருகி மாட்ட பேரல் முனைல த்ரெட் இருக்கணும், இங்க பெரும்பாலும் 1/2x28 (அரை இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 28 மரை). 1934 தேசிய ஆயுதச் சட்டப்படி சப்ரெஸ்ஸருக்கு இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1-லேர்ந்து இல்ல, ஆனா ஃபார்ம், கைரேகை, ஏடிஎஃப் (துப்பாக்கி விவகாரம் பாக்கற மத்திய அரசு அமைப்பு) அனுமதி எல்லாம் அப்படியேதான். கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி சில மாநிலத்துல வாங்கவே முடியாது.

கழுவறப்போ கண்டிப்பா கிளவுஸ் போடுங்க, சமையல் சிங்க்ல வேணவே வேணாம். வினிகரும் பெராக்சைடும் கலந்து ஊற வைக்கற பழக்கம் சில பேருக்கு இருக்கு, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, ஈயம் அதுல கரைஞ்சு விஷத்தண்ணி ஆயிடும், தோல் வழியாவே உடம்புக்குள்ள போகும்.