தரை பிரமாதம், பந்துக்குத்தான் பஞ்சம்: ஒரு ஃபுட்பால் கோச்சிங் பற்றி

பையனைச் சேர்த்திருக்கும் ஃபுட்பால் கோச்சிங்கின் பெயரைச் சொல்லவில்லை, சென்னையில் இந்த மாதிரி இடங்கள் நிறைய. செயற்கைப் புல் தரை, இரவு விளக்கு, குடிதண்ணீர் எல்லாம் சரி. கோச்சும் நல்ல மனிதர், யாரையும் திட்டுவதில்லை. ஆனால் இருபது பிள்ளைகளுக்கு நான்கைந்து பந்துதான். வரிசையில் நின்று, முறை வந்ததும் கூம்புகளுக்கு நடுவே ஒரு தடவை ஓட்டிவிட்டு, மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகிறான். இதற்கு ரேஷன் கடையே தேவலாம்.

அப்புறம் வார இறுதிப் போட்டி. எட்டு வயசுப் பசங்களுக்குப் பெரிய மைதானம், உயரமானவனை முன்னால் நிறுத்தி நீளமாக அடி, ஜெயித்தால் கோப்பையோடு போட்டோ. பெல்ஜியம் 2000க்குப் பிறகு மாற்றியது இதைத்தான்: பொடிசுகளுக்கு இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஐந்து என்று சின்ன ஆட்டம், புள்ளிப் பட்டியல் கிடையாது. 2018 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்தார்கள். நாமோ 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையையே இங்கே நடத்தினோம், ஜீக்சன் சிங் கொலம்பியாவுக்கு எதிராக கோலும் அடித்தார். அப்படியும் 2025இல் கோல் அடிக்க ஆள் இல்லாமல், இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்ற சுனில் சேத்ரி 40 வயதில் திரும்பி வர வேண்டியிருந்தது.

கொடுக்கிற காசுக்கு வியர்வை சிந்துகிறான், மூன்று நட்சத்திரம் போடலாம். சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை ஓரமாக நின்று பந்துகளை எண்ணிப் பாருங்கள், கோச்சிங் லைசென்ஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இங்கே கேட்டதற்கு, "பையனுக்கு ஜெர்சி என்ன சைஸ் சார்?" என்றார்கள்.