பழைய சீக்கோ டைவர் வாட்ச் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் எங்கள் பெரியப்பாவின் சீக்கோ டைவர் வாட்ச்சைச் சர்வீஸுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்ததில் வெளிக்கூடும் உள்ளே ஓடும் மெஷினும்தான் அவருடையவை. டயல், முள், பெசல் (கண்ணாடியைச் சுற்றித் திருப்பும் வளையம்), கிழமைச் சக்கரம் எல்லாம் வேறு. உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒன்று கிடந்தால், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பெரியப்பா குவைத்தில் வேலை பார்த்தபோது வாங்கியது. பின்மூடியில் அலைச் சின்னம், கூடவே 6309-7040 என்ற எண். முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் மெஷின், அடுத்த நான்கு கூடு. தனியாக ஆறு இலக்கச் சீரியல் எண்ணும் இருக்கும். அதில் முதலாவது, ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது, மாதம். எங்களுடையது 93 என்று தொடங்கும். இந்த மாடல் 1976 முதல் 1988 வரை வந்தது, ஆக 1979 மார்ச்.

கடைக்காரர் வாங்கியதும் பக்கவாட்டுச் சாவித் திருகைக் கழற்றிச் சாவி கொடுத்துப் பார்த்தார். "கீயே ஏறலீங்ணா, மெயின் ஸ்பிரிங் போயிருச்சுங்" என்றார். அதற்குத் தனியாகக் காசும் வாங்கினார். 6309 மெஷினில் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது! ஆட்டினால் உள்ளே ரோட்டர் என்ற எடைத் தகடு சுற்றி ஸ்பிரிங்கை ஏற்றும், அவ்வளவுதான். ஈரோட்டில் பழைய வாட்ச் பார்க்கும் பெரியவர் ஒருவர் பிற்பாடு திறந்து பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் பழசேதானுங்க, தொடவே இல்லை" என்றார்.

வாட்ச் பளபளவென்று வந்தது. அந்தப் பளபளப்புதான் பாதிக் கேடு. இந்தக் கூட்டின் மேல்பக்கம் கோடு கோடாக மங்கலாகவும், பக்கவாட்டு மட்டும் கண்ணாடி போலவும் இருக்க வேண்டும். பஃப் அடித்து இரண்டையும் ஒன்றாக்கி, விளிம்பையும் மழுக்கிவிட்டார்கள். தேய்ந்துபோன இரும்பைத் திரும்ப ஒட்ட முடியுமா?

டயலில் மணி காட்டும் புள்ளிகளின் பழுப்பு போய் வெள்ளைவெளேரென்று இருந்தன. வயதான அந்தப் பழுப்புக்குத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுக்கிறார்கள். 6-க்குக் கீழே டயல் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தும் காணோம். வளைகுடாவில் விற்ற வாட்ச் என்பதால் கிழமை அரபியிலும் ஆங்கிலத்திலும் வரும். இப்போது 'லுன்', 'மார்' என்று ஸ்பானிஷில் வருகிறது. எங்கள் பெரியப்பாவுக்கும் ஸ்பெயினுக்கும் என்ன சம்பந்தம்?

கொடுக்கும் முன் எடுத்த போட்டோவைக் காட்டிக் கேட்டேன். "பழசெல்லாம் துருங்ணா, தூக்கிப் போட்டாச்சு" என்றார். பில்லில் 'வாட்ச் சர்வீஸ் 4,500' என்று ஒரே வரி. "வாய்க்கால்ல குதிச்சே குளிக்கலாமுங்" என்று வேறு சொல்லியிருந்தார். கோபிக்கு வரும் வழியில் லேசான மழை, கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்துவிட்டது. 150 மீட்டர் ஆழம் தாங்கும் என்று டயலில் போட்டிருப்பது, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் புதிதாக இருந்த காலத்துக் கணக்கு. வளையம் மாற்றி பிரஷர் டெஸ்ட் செய்யாத பழைய வாட்ச்சைக் குழாயடிக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

டயல், பின்மூடி, பக்கவாட்டு எல்லாம் தெளிவாகப் போட்டோ எடுத்து, கடைக்காரர் கண்ணெதிரே எடுங்கள். 'பாலிஷ் வேண்டாம், டயலையும் முள்ளையும் தொடக்கூடாது, மாற்றும் பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் வாட்ச்சை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஓடாமல் பெட்டியில் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் கூடப் போட்டு வைத்தால் போதும்.

நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பழைய டயல் குப்பைக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, எங்கேயோ விற்றிருப்பார்கள். 4 மணிப் புள்ளியில் ஓரம் உதிர்ந்த 6309 டயல், அரபிக் கிழமைச் சக்கரத்தோடு யாரிடமாவது விலைக்கு வந்தால் எனக்குச் சொல்லுங்கள்.