ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பொடி: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிக் கரைப்பது

பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடிதான் ஓ.ஆர்.எஸ். மெடிக்கலில் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் உயிர்காக்கும் மருந்து இது. வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 ஃபார்முலா என்றால் ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, நீரற்ற குளுக்கோஸ் 13.5 இருக்க வேண்டும். சுவையூட்டி சேர்த்தால் மொத்த எடை கொஞ்சம் கூடும். இந்த நான்கு எண்கள் மாறக் கூடாது.

குளுக்கோஸ் இதில் வெறும் தெம்புக்காக இல்லை. சிறுகுடல் சுவரில் உள்ள எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியம் அயனிகளைச் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கும். தண்ணீர் அவற்றைத் தொடர்ந்து போகும். காலராவில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. ஆனால் சர்க்கரை அளவு மீறினால், உறிஞ்சப்படாத மிச்சம் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். பழச்சுவை டெட்ரா பேக்குகளில் நான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது இதனால்தான். 200 மில்லிக்கு 2.7 கிராம் குளுக்கோஸ் என்பதே கணக்கு. அதைவிடப் பல மடங்கு சர்க்கரை லேபிளில் இருந்தால் அது குளிர்பானம், மருந்தல்ல. இத்தகைய பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாதென்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது மிகவும் நல்ல காரியம்.

பாக்கெட்டின் ஒரே குறை அதன் அளவு. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கைக்குழந்தைக்கு இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். பாதிப் பொடியைக் கண்ணளவில் பிரிப்பதும் வேண்டாம். உப்பும் குளுக்கோஸும் சமமாகப் பிரியாது. கொஞ்சம்தான் தேவையென்றால் 200 மில்லிக்கான சின்ன பாக்கெட் வாங்குங்கள்.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை அளந்து, முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். கரைத்த பிறகு கொதிக்க வைக்காதீர்கள். பால், சர்க்கரை எதுவும் சேர்க்காதீர்கள். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

பேதி இதனால் உடனே நிற்காது; இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் இதன் வேலை. குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.